கன்னக்கட்டையில் ஒட்டிய தோல்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சந்தோஷமாகத்தான் பேசினாய். ஆறு மாதமாகச் சின்னப் போட்டிகளில் ரைபிள் சோதிக்கிற மேசையில் இருந்த உன்னை, வருகிற மாதம் தேசியப் போட்டிக்கும் அதே வேலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்றாய். சுடப் போய் அழுதுகொண்டு திரும்பிய அதே மண்டபத்தில் இப்போது தராசுக்குப் பின்னால் நிற்கப் போகிறாய் என்று கேட்டு, நானும் உன் அம்மாவும் போனை நடுவில் வைத்துக்கொண்டு சிரித்தோம். அப்புறம் நீ ஒன்று சொன்னாய். "வர்ற புள்ளைங்களுக்கெல்லாம் என் கதையத்தான்ப்பா சொல்றேன். ஒரு துண்டு தோல யாருக்கும் சொல்லாம ஒட்டி மூணாம் எடத்தத் தொலைச்சவ நான்னு சொல்வேன். ஒடனே பயந்துபோயி எல்லாத்தையும் கழட்டிக் காட்டுதுங்க." அம்மா இன்னும் சிரித்தாள். நான் குழாயை மூடப் போவதுபோல் வெளியே போய் நின்றேன். குழாய் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அந்தக் கதையில் ஆள் மாறியிருக்கிறது, பாப்பா. அன்றைக்கு உன் ரைபிள் எடை கூடிப்போனதற்குக் காரணம் நீ ஒட்டிய தோல் இல்லை. நான். அது எனக்கு அன்றைக்கே தெரியும். மூன்று வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் கோபப்படுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொண்டு படி.

கிளப்பிலிருந்த அந்தக் காற்று ரைபிள் உனக்கு ஞாபகம் இருக்கும். யார் யாரோ சுட்டுக் கைமாறி பதுளைக்கு வந்து சேர்ந்தது. குழல் நல்ல குழல், மற்றதெல்லாம் அரைகுறை. கன்னம் வைக்கிற கட்டை பிளந்திருந்தது, தோளில் பதிகிற தகடு யாரோ ஒரு தடியனின் அளவுக்கு இருந்தது, முன்பக்கம் பாரமே இல்லாமல் நீ குறிபார்க்கும்போது குழல் ஆடிக்கொண்டிருந்தது. புதிதாக வாங்க முடியாது, அப்பா செய்து தருகிறேன் என்று நான்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். தேயிலை பெக்டரியில் முப்பது வருடம் பிட்டராக இருந்தவனுக்கு, கொழுந்து அரைக்கிற மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிறவனுக்கு, இது ஒரு வேலையா என்ற திமிர். நீ இங்கிலீஷ் விதிப்புத்தகத்தைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்ல, நான் வேர்க்ஷாப் கதவில் சாக்கட்டியால் எழுதிக்கொண்டேன். பார்வைக் கருவியோடு சேர்த்து மொத்த எடை ஐந்தரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. குழலில் மாட்டுகிற பாரம் குழலின் நடுவிலிருந்து முப்பது மில்லிமீட்டருக்கு வெளியே நீட்டக் கூடாது. காற்றுச் சிலிண்டரில் போட்டிருக்கிற தேதி தாண்டியிருக்கக் கூடாது. எழுதி முடித்தபோது கதவில் இடமில்லை, நான் ஜன்னல் பலகைக்குப் போனேன்.

எத்தனை சண்டை போட்டோம்! கட்டைவிரல் வைக்க நான் பலாப்பலகையில் ஒரு மேடு செதுக்கிக் கொண்டுவந்தேன். நீ தொட்டுப் பார்த்து, "அழகாத்தான் இருக்கு, ஆனா கூடாதுப்பா" என்றாய். விரலுக்கு ஒரு இடம் கொடுத்தால் எவன் குடி முழுகிப்போகும் என்று கத்தினேன். அடுத்த நாள் மேசன் வைத்திருக்கிற ரசமட்டத்திலிருந்து குழாயைக் கழற்றி, ரைபிள் சாயாமல் பார்க்கப் பொருத்தலாம் என்று வந்தேன். அதுவும் கூடாதாம், கண்தான் மட்டம் பார்க்க வேண்டுமாம். முன்னாளில் சுட்ட ஒருவர் தன் சிலிண்டரைச் சும்மாவே கொடுத்தார், தேதி முடிந்து ஐந்து மாதம். "காத்து நல்லாத்தானே நிக்குது, யாரு தேதியப் பாக்கப் போறா" என்று கேட்டேன். "தேதி முடிஞ்சா முடிஞ்சதுதான்ப்பா. வெடிச்சா என் மூஞ்சிலதானே வெடிக்கும்?" என்று அதைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டாய். உன்னைப் பிடிவாதக்காரி என்று அம்மாவிடம் திட்டினேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. எனக்குப் பிறந்ததற்கு இவ்வளவு நேர்மை எங்கிருந்து வந்தது என்றும் யோசித்தேன். ஏன் அப்படி யோசித்தேன் என்று பின்னால் சொல்கிறேன்.

கடைசியில் மூன்று சாமான் செய்தோம். கன்னக்கட்டை பலாப்பலகையில். தோள்தகடு அலுமினியத்தில், உன் எலும்புக்கு அளவெடுத்து. குழலில் மாட்டுகிற பாரம், மெஷின் அச்சில் மாட்டித் தேய்ந்துபோன புஷ் ஒன்றை லேத்தில் கடைந்து எடுத்த பித்தளை வளையம். அந்த வளையத்தை நான் அளந்த மாதிரி என் கல்யாண மோதிரத்தைக்கூட எவனும் அளந்திருக்க மாட்டான். நடுவிலிருந்து இருபத்தெட்டு மில்லிமீட்டர், ஒரு மயிரிழை அப்படி இப்படி இல்லை. கிளப் மாஸ்டர் காகிதங்களோடு ரைபிளை வேனில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்து, நாம் பூட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எடை பார்க்க வேண்டும் என்று நீ சொன்னாய். பண்டாரவளை மரக்கறிச் சந்தையில் மாஸ்டருக்குத் தெரிந்த கடையில் நல்ல தராசு இருக்கிறது, போகிற வழியில் வைத்துப் பார்க்கலாம் என்றாய். எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. "கோவா மூட்டை நிறுக்கிற தராசுல என் பித்தளையை வைக்கிறதா? நம்ம மடுவத்துல தராசு இல்லையா?" என்று, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு எல்லோரையும் கூட்டிப்போனேன். கொக்கியில் ரைபிளைத் தொங்கவிட்டேன். சிவப்பு எழுத்தில் ஐந்து புள்ளி நான்கு ஐந்து என்று வந்தது. மாஸ்டரும் பார்த்துத் தலையாட்டினார். நீ கைதட்டினாய். நான் தராசைத் தட்டிக்கொடுத்தேன், அதுவும் ஞாபகம் இருக்கிறது.

போட்டியன்று காலையில் சோதனை மேசைக்கு முன்னால் பெரிய வரிசை நின்றது. முன்கூட்டியே காட்டலாம், ஆனால் கட்டாயமில்லை. சுட்டு முடிந்ததும் சீட்டுப் போட்டுச் சிலரை மட்டும் கூப்பிட்டு நிறுப்பார்கள் என்றாய். "எதுக்கும் ஒருக்கா காட்டிட்டு வந்துர்றேன்ப்பா" என்று நீ வரிசைப் பக்கம் திரும்பினாய். நான்தான் கையைப் பிடித்தேன். "கால் கடுக்க நின்னா கை நடுங்கும். அப்பா நிறுத்ததை விடவா இவங்க நிறுக்கப் போறாங்க?" என்றேன். நீ ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு வரிசையை விட்டு வந்தாய். அந்த ஒரு நொடியை நான் எத்தனை தரம் திரும்ப நினைத்திருக்கிறேன் தெரியுமா?

அறுபது குண்டும் சுட்டாய். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று உன் முதுகைத்தான் பார்த்தேன். மூன்றாமிடம். முதல் நான்கு பேரைத்தான் அணிக்கு எடுப்பார்கள். மாஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். அப்புறம் உன் இலக்கத்துக்குச் சீட்டு விழுந்தது. ஐந்து புள்ளி ஆறு ஒன்று. நூற்றுப்பத்து கிராம் கூட. "இன்னொருக்கா வைங்க" என்று நீ கேட்டாய். மேசையிலிருந்த அதிகாரியம்மா முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரு படிக்கல்லை எடுத்து உன் கண்முன்னால் தராசில் வைத்துக் காட்டினார், ஐந்து கிலோ சரியாக ஐந்து காட்டியது. பிறகுதான் ரைபிளை மறுபடி வைத்தார். அதே ஐந்து புள்ளி ஆறு ஒன்று. மெதுவாகச் சிங்களத்தில் வருத்தம் சொல்லி உன் பெயரைக் கோடு போட்டு அடித்தார். எண்சாண் உடம்பும் ஒரு சாணாய்க் குறுகி நான் நின்றேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று மாஸ்டர் என் தோளைத் தட்டினார். அவருக்குத் தெரியாது, எனக்கு அந்தப் படிக்கல்லைப் பார்த்த உடனேயே எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ரைபிளை மாஸ்டர் வேனில் கொண்டுபோனார், நாம் ரயிலில் வந்தோம். கன்னக்கட்டை உன் மடியில் இருந்தது. அப்புத்தளை ஸ்டேஷனில் மூடுபனிக்குள் வண்டி நின்றபோதுதான் நீ வாயைத் திறந்தாய். "அப்பா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. கன்னம் வேர்த்து வழுக்குதுன்னு ஒங்க பழைய பெல்ட்டுல ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். நிறுத்ததுக்கு அப்புறம். அதாம்ப்பா கூடிருச்சு. ஒங்க வேலையெல்லாம் நான் கெடுத்துட்டேன்." சொல்லிவிட்டு அந்தத் தோலைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தாய். ஒரு பிட்டருக்கு அதைக் கையில் வாங்கியதுமே தெரியும் பாப்பா, அது நூற்றுப்பத்து கிராம் இல்லை. பத்து கிராம்கூட இல்லை. நான் என்ன செய்தேன்? உன் தலையைத் தடவி, "பரவால்ல விடு, எல்லாரும் செய்யிற தப்புதான்" என்றேன். மன்னித்தேன், பாப்பா. செய்யாத தப்புக்கு உன்னை நான் மன்னித்தேன். என் வாழ்க்கையில் செய்ததிலேயே கேவலமான காரியம் எதுவென்றால் தராசில் செய்ததைச் சொல்ல மாட்டேன், அந்த ரயிலில் செய்ததைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு நீ போட்டிக்கு ரைபிளைத் தொடவேயில்லை.

இப்போது தராசைச் சொல்கிறேன். நீ ஏ.எல். பரீட்சை எழுதின வருடத்து மழைக்காலம். மடுவத்துக்குப் புதிதாக எழுத்துக் காட்டுகிற தராசு வந்தது. அப்போதிருந்த பெரிய கிளார்க்கர் ஐயா என்னைக் கூப்பிட்டு, மழைக் கொழுந்தில் தண்ணீர் நிறைய வருகிறது, சாக்குக்குக் கழிப்பது போதவில்லை, இதைக் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிற மாதிரிப் பண்ண முடியுமா என்று கேட்டார். "ஒன் கை பட்டாத்தான் இது சரியா வரும். இந்தத் தோட்டத்துல வேற எவனுக்கும் இந்த மூளை கெடையாது" என்றார். மிரட்டவில்லை, ஒன்றும் தருவதாகவும் சொல்லவில்லை. அந்த ஒரு புகழ்ச்சிக்குத்தான் விழுந்தேன். பத்துக் கிலோ படிக்கல்லோடு முந்நூறு கிராம் இரும்பையும் சேர்த்துத் தொங்கவிட்டு, இதுதான் பத்துக் கிலோ என்று தராசுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதுவும் சொன்னதைக் கேட்டுக்கொண்டது. மழைக்காலம் முடிந்ததும் திருப்பி வைக்கலாம் என்றார் ஐயா. மழை முடிந்தது, அவர் மாற்றலாகிப் போனார், நான் திருப்பி வைக்கவில்லை. முதல் மாதம் உறுத்தியது. அடுத்த வருடம் ஞாபகம் வந்தால் வேறு வேலையைப் பார்த்தேன். அதற்கப்புறம் உண்மையாகவே மறந்துபோனேன். எவ்வளவு மறந்தேன் என்றால், சொந்த மகளின் ரைபிளை அதே கொக்கியில் மாட்டும் அளவுக்கு.

அந்தத் தராசில் தினமும் நிறுத்தது யாருடைய கொழுந்து? உன் அம்மாவுடையது. பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான் என்பது உனக்குத் தெரியும். ஒரு நாள் அவள் மடுவத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். பதினேழரைதான் காட்டியதாம், அரைப்பேர் போட்டுவிட்டார்களாம். "என் கை வேகம் போயிருச்சுங்க. வயசாயிருச்சு" என்றாள். நாற்பத்தாறு வயது அவளுக்கு. நான் தைலத்தை எடுத்து அவள் மணிக்கட்டில் தேய்த்துவிட்டேன். அது முதல் மழைக்காலம், பாப்பா. அப்போது எனக்கு மறக்கவில்லை. அவள் பறித்தது பதினெட்டுக்கு ஒரு கைப்பிடி கூடுதலாகவே இருக்கும் என்று தெரிந்துகொண்டே தேய்த்தேன். அன்றிலிருந்து அவள் விடியற்காலையில் எழுந்து விரல்களை மடக்கி மடக்கிப் பயிற்சி செய்வாள், நீகூடக் கேலி செய்திருக்கிறாய். என் வீட்டில் இரண்டு பெண்கள், இரண்டு பேரும் தங்களைத் தாங்களே குறைசொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் நடுவில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

உன் போனுக்குப் பிறகு இரண்டு நாள் யோசித்தேன். முதலில் உனக்கு மட்டும் எழுதிவிட்டு அம்மாவுக்குத் தெரியாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், அதையும் ஒளிக்கவில்லை. அப்புறம் அந்த மேசைக்காரம்மா படிக்கல்லை வைத்துக் காட்டியது ஞாபகம் வந்தது. நீயும் இப்போது ஒவ்வொரு போட்டியிலும் அப்படித்தான் வைத்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாய். இத்தனை வருடத்தில் எங்கள் மடுவத்தில் எந்தப் பெண்ணுக்கு முன்னாலும் எவனும் ஒரு படிக்கல்லை வைத்துக் காட்டியதில்லை. நேற்று மத்தியான நிறுவைக்கு, பெக்டரியில் இப்போது இருக்கிற பிட்டர் தம்பியிடம் அதே பத்துக் கிலோ படிக்கல்லை வாங்கிக்கொண்டு மடுவத்துக்குப் போனேன். பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்றார்கள், அம்மா நான்காவதாக. கணக்கப்பிள்ளை தம்பி, "என்ன அண்ணே, ரிட்டையர் ஆனப்புறமும் சும்மா இருக்க முடியலையா?" என்று சிரித்தார். நான் படிக்கல்லைக் கொக்கியில் மாட்டினேன். ஒன்பது புள்ளி ஏழு. கல்லில் பத்து என்று வெட்டியிருப்பதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பிவைத்தேன். யார் செய்தது, எப்போது செய்தது என்று சொன்னேன்.

யாரும் அடிக்க வரவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். எங்கள் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டுக் காமாட்சி மட்டும், "ஒரே லயத்துல இருந்துக்கிட்டா அண்ணே?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். இன்று காலை குழாயடியில் ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தராசை இறக்கி ஆபீசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், பழைய முள் தராசைத் தூசி தட்டி மாட்டியிருக்கிறார்கள், நிறுக்குமுன் கல்லை வைத்துக் காட்டச் சொல்லிப் பெண்கள் கேட்டார்களாம். என்னையும் ஆபீசில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். போய்ச் சொல்வேன்.

அம்மா வரிசையை விட்டு நகரவில்லை. தன் முறை வந்ததும் சாக்கை இறக்கிவைத்துவிட்டு, தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ரைபிளையும் இதுலதானே நிறுத்தீங்க? புள்ளைக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "அப்ப மொதல்ல அவளுக்கு எழுதுங்க. எங்கிட்ட அப்புறம் பேசலாம்." அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், பேசுவதில்லை. இந்தக் கடிதத்தை எழுத எழுத அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், முடித்துவிட்டேனா என்று.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்கிற உரிமையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் மேசைக்கு வருகிற பிள்ளைகளோடு அப்பன்மாரும் வருவார்கள். சாமானெல்லாம் நானே செய்தேன், நானே நிறுத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். அவர்களை மதித்துப் பேசு, ஆனால் அவர்கள் பேச்சை நம்பி எதையும் விட்டுவிடாதே. ஒரு பிள்ளை தான்தான் தப்பு செய்தேன் என்று உடனே ஒத்துக்கொண்டால், அதையும் நம்பாதே, நிறுத்துப் பார். நீ அன்றைக்குக் கணக்குப் பார்த்திருந்தால் என் குட்டு அப்புத்தளையிலேயே உடைந்திருக்கும். அப்பாவின் தராசு தப்பாக இருக்கும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அது உன் குற்றம் இல்லை, மகளே.

மறுபடி சுடுவாயா மாட்டாயா என்பது உன் இஷ்டம். மாஸ்டர் கழற்றித் திருப்பிக் கொடுத்த பித்தளை வளையத்தை லேத்தில் மறுபடி கடைந்து இருநூறு கிராம் எடுத்துவிட்டேன், கேட்டால் அனுப்புகிறேன். கேட்காவிட்டால் இங்கேயே இருக்கட்டும். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் அம்மாவோடு பேசு, நான் தள்ளி நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்துக்குள் ஒரு காகிதத்தில் மடித்து அந்தத் தோல் துண்டை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக, ஸ்பேனர் சுத்தியல் போட்டுவைக்கிற என் ஆயுதப் பெட்டியில் கிடந்தது. இன்று காலை பதுளைக்குப் போய், நகைக்கடையில் கெஞ்சிக் கேட்டு, தங்கம் நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன். ஆறு கிராம். என் பேச்சை நம்பாதே. முதலில் படிக்கல்லை வைத்துச் சரிபார்த்துவிட்டு, உன் மேசைத் தராசில் நீயே ஒருதரம் நிறுத்துப் பார், பாப்பா.

அப்பா